புகையிலையிற் பிறந்த பல்கலைக்கழகம்: ஜேம்ஸ் புக்கனன் டியூக்கின் வாழ்வு

பெருஞ்செல்வர்களின் வரலாறுகள் பெரும்பாலும் இருவகையாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. ஒன்று புகழ்மாலை; மற்றது குற்றப்பத்திரிகை. இவ்விரண்டுக்கும் ஒருசேர இடமளிப்பது ஐக்கிய அமெரிக்கப் புகையிலைத் தொழிலதிபர் ஜேம்ஸ் புக்கனன் டியூக்கின் (1856 - 1925) வாழ்வாகும். தந்தையார் தொடங்கிய சிறு குடும்பத் தொழிலை அவர் உலகளாவிய ஏகபோகமாக வளர்த்த விதத்தையும், அதன் பயனை இறுதியில் எங்கே கொண்டு சேர்த்தார் என்பதையும் இணைத்து நோக்கும்போதே அவ்வாழ்வின் உண்மைப் பொருள் புலனாகும்.

தந்தையாரான வோஷிங்டன் டியூக் வட கரோலைனாவின் டேர்ஹம் அருகே வாழ்ந்த விவசாயி. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படையிற் சேர்க்கப்பட்ட அவர், 1865 இல் விடுதலை பெற்று, சுமார் 137 மைல் தூரத்தைக் கால்நடையாகவே கடந்து வீடு திரும்பினார். பண்ணையிலிருந்த மரக்குடிசை ஒன்றில் புகையிலையைப் பதப்படுத்தி விற்கும் தொழில் தொடங்கியது. இரண்டு வயதை எட்டுமுன்னரே தாயை இழந்திருந்த ஜேம்ஸ் அக்குடிசையிலேயே தொழிலைக் கற்றார். 1874 இல் குடும்பம் டேர்ஹம் நகருக்குப் பெயர்ந்தது; 1878 இல் தந்தையும் மைந்தரும் பங்காளிகளாய்க் கம்பனி அமைத்தனர். 1880 இல் தந்தையார் தம் பங்கை விற்று விலகியபோது ஜேம்சுக்கு வயது இருபத்துமூன்று. அவர் பெற்ற மரபுரிமை பெருநிதியன்று. வலிமைமிக்க போட்டியாளர் முன் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு தொழிலே.

அப்போட்டியாளர் அதே நகரில் 'புல் டேர்ஹம்' என்னும் பெயரிற் புகையிலைத் தூள் விற்ற நிறுவனமாகும். அதனை அதன் களத்தில் வெல்லவியலாது என்றுணர்ந்த டியூக், 1881 இல் சிகரெட்டின் பக்கம் திரும்பினார். அக்காலத்திற் சிகரெட் கையாற் சுற்றப்பட்டது. நியூயோர்க்கிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யூதக் குடியேறிகள் இதற்கென வரவழைக்கப்பட்டனர். தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,000 சிகரெட்டுகளைச் சுற்றக்கூடியவர். இளைஞரான ஜேம்ஸ் பொன்சாக் கண்டுபிடித்த யந்திரமோ ஒரு நாளில் 1,20,000 சிகரெட்டுகளைச் செய்தது. ஏனைய உற்பத்தியாளர் ஐயுற்று ஒதுக்கிய அந்த யந்திரத்தை டியூக் 1884 இல் நிறுவினார். போட்டியாளரைவிடக் குறைந்த கட்டணத்தில் அதனைப் பயன்படுத்தும் ஒப்பந்தத்தையும் பெற்றுக்கொண்டார். நாற்பது பேரின் வேலையை ஒரு யந்திரம் செய்தது. கைவினைஞரின் தேவை அற்றுப்போயிற்று.

யந்திரம் குவித்த சிகரெட்டுகளை வாங்குவோர் அக்காலத்திற் போதியளவு இருக்கவில்லை. ஆகவே வாங்குவோரையும் உற்பத்தி செய்ய வேண்டியதாயிற்று. 1883 இல் வரி குறைக்கப்பட்டபோது, பத்துச் சிகரெட்டுகளின் விலையை அவர் ஐந்து சதமாக்கியிருந்தார். பெட்டிகளுள் வண்ணப்பட அட்டைகள் இடப்பட்டன. 1889 இல் விளம்பரத்துக்கு மாத்திரம் சுமார் 8 இலட்சம் டொலர் செலவிடப்பட்டது. ஈடுகொடுக்கவியலாத நான்கு பெரும் நிறுவனங்கள் 1890 இல் அவருடன் இணைந்தன. இவ்வாறு தோன்றிய 'அமெரிக்கன் டுபாக்கோ கம்பனி' நாட்டின் சிகரெட் உற்பத்தியில் ஏறத்தாழ முழுவதையும் தன் கைக்குட் கொண்டது.

விற்பவன் ஒருவனாகும்போது வாங்குபவனும் ஒருவனாகின்றான். இலை கொள்வனவிலும் போட்டி அருகவே விவசாயி பெற்ற விலை வீழ்ச்சியுற்றது. கென்டக்கி, டெனசி மாநிலங்களின் பயிர்ச்செய்கையாளர் 1904 இல் சங்கம் அமைத்தனர். அவர்களுட் சிலர் இரவு வேளைகளிற் குதிரைகளிற் சென்று களஞ்சியங்களுக்குத் தீயிட்டனர். கடலுக்கு அப்பாலும் டியூக்கின் கை நீண்டது. 1901 இல் லிவர்பூலின் ஒக்டன் நிறுவனத்தை அவர் வாங்க, பிரித்தானிய உற்பத்தியாளர் பதின்மூவர் ஒன்றிணைந்து எதிர்த்தனர். 1902 இல் ஏற்பட்ட சமரசத்தின்படி இரு சாராரும் தத்தம் நாட்டுச் சந்தையை வைத்துக்கொள்ள, எஞ்சிய உலகம் 'பிரித்தானிய அமெரிக்க டுபாக்கோ கம்பனி'யிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் டியூக் ஆவார். இலங்கைப் புகையிலைக் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகள் இந்நிறுவனக் குழுமத்திடமே உள்ளமை, நமது வரலாறும் அப்பங்கீட்டுக்குப் புறம்பானதன்று என்பதைக் காட்டும்.

1911 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகபோகத்தைக் கலைக்க உத்தரவிட்டது. அதற்குள் டியூக்கின் கவனம் நீர்மின்சாரத்தின்பாற் சென்றிருந்தது. 1924 டிசெம்பரில் 4 கோடி டொலர் கொண்ட அறநிதியத்தை அவர் நிறுவினார். வைத்தியசாலைகள், இரு இனத்தவரினதும் அநாதைக் குழந்தைகள், மெதடிஸ்த தேவாலயங்கள், கறுப்பினத்தவருக்கான ஒன்று உட்பட நான்கு உயர்கல்வி நிலையங்கள் ஆகியன பயன்பெற்றன. அந்நான்கனுள் முதலிடம் பெற்ற திரித்துவக் கல்லூரி டியூக் பல்கலைக்கழகமாயிற்று. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானார்.

டேர்ஹம் ஆலைகளிற் புகையிலையின் நரம்பை உரித்த கடும்பணி பெரிதும் கறுப்பினத் தொழிலாளருடையது. அவ்வுழைப்பும் சேர்ந்து உருவாக்கிய செல்வத்தில் எழுந்த அப்பல்கலைக்கழகம் கறுப்பின மாணவரை இளமாணிப் படிப்புக்கு அனுமதித்தது 1963 இலேயே. 1964 இல் அமெரிக்கத் தலைமைச் சுகாதார அதிகாரியின் அறிக்கை, ஆண்களிடையே நுரையீரற் புற்றுநோய்க்குச் சிகரெட் காரணமாகின்றது என நிறுவியது. டியூக்கின் நிதியால் எழுந்த வைத்தியசாலைக்கு, டியூக்கின் யந்திரம் பரப்பிய பழக்கத்தால் நோயுற்றோரும் வந்தனர்.

கொடை பொய்யானதன்று, அதனால் உயிர் பிழைத்தோரும் அறிவு பெற்றோரும் உண்மையானவர்கள். ஆயின் வேலையிழந்த கைவினைஞரும் விலையிழந்த விவசாயியும் அவ்வறநிதியப் பத்திரத்தில் இடம்பெறவில்லை. கொடையாளியின் பெயர் கல்லிற் பொறிக்கப்படுகின்றது; அக்கொடைக்கான பொருளை ஈட்டித் தந்தோரின் பெயர்களைத் தேடி எழுதுவது வரலாற்றாசிரியரின் கடமையாக எஞ்சி நிற்கின்றது.