திரையரங்குக்கு வாரிசு யார்?

வளைகுடா நாடுகளின் திரையரங்கு வரலாறு பெரும்பாலும் வணிகக் குடும்பங்களின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. தந்தை தொடங்கினார், மகன் பெருக்கினான், பேரன் வணிக வளாகத்துக்குள் கொண்டுபோனான். ஆனால் தந்தையின் சொத்து மகனைச் சென்றடைவதற்கு உழைப்பு மட்டும் போதுமா?

தொடக்கத்தைப் பார்ப்போம். சார்ஜாவில் 1945 இல் படம் காட்டியது பிரித்தானிய விமானப்படைத் தளத்தின் திறந்தவெளி அரங்கு. குவைத்தில் 1954 இல் தொடங்கிய கம்பனி நீண்டகாலம் தனியுரிமையோடு இயங்கியது. டுபாயில் ஈரானிலிருந்து வந்த அகமட் கொல்சின் 1964 இல் 'பார்ஸ் பிலிம்' என்ற விநியோக நிறுவனத்தை நிறுவினார். சவூதியிலோ 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்ட பொதுத் திரையரங்குகள் 2018 வரை திறக்கப்படவில்லை. அங்கே எந்தக் குடும்பமும் இத்தொழிலை மகனுக்குக் கையளித்திருக்க முடியாது.

ஐக்கிய அரபு இராச்சியத்தின் 1984 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம் உள்நாட்டுக் கம்பனிகளில் குறைந்தது 51 வீதப் பங்கு குடிமக்களிடம் இருக்கவேண்டும் என்றது. 2021 இல்தான் இது பெருமளவு தளர்ந்தது. ஆக, யார் எதை விட்டுச்செல்லலாம் என்பதைக் குடியுரிமையே தீர்மானித்தது. விடுமுறை நாட்களில் அரங்குகளை நிரப்பிய இந்திய, பாகிஸ்தானிய, இலங்கைத் தொழிலாளரிலும் தலைமுறைகள் உண்டு. தந்தை படம் பார்த்த நகருக்கே மகனும் வேலைக்கு வந்தான். ஆனால் அவனும் புதிதாக விசா எடுத்தே வந்தான். இவர்களது நுழைவுச்சீட்டுக் காசில் வளர்ந்த தொழிலின் வரலாற்றில் இவர்களுக்குப் பெயரில்லை.

அப்படியானால் குடியுரிமை இருந்தால் போதுமா? எமது அனுபவம் வேறு சொல்கிறது. 'சினிமாஸ் லிமிட்டெட்' நிறுவனத்தின் கே. குணரத்தினம் இலங்கையில் திரையரங்குகளும் ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோவும் வைத்திருந்தார். 1972 இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் பட இறக்குமதியையும் விநியோகத்தையும் தன்வசப்படுத்தியது. 1983 யூலையில் ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளும் அதில் அழிந்தன. 1989 இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உறுதிப்பத்திரம் கையிலிருந்தது, அதைக் காக்கும் அரசுதான் இருக்கவில்லை.

எனவே தலைமுறை வணிகம் என்பதைக் குடும்பத்தின் திறமையாக மட்டும் வாசிப்பது பாதி வரலாறே. மறுபாதி, சொத்துக்குக் காவல் நிற்பது யார் என்பதில் இருக்கிறது. புகலிடத்தில் வாடகை மண்டபங்களில் தமிழ்ப் படம் காட்டத் தொடங்கிய நாம் இந்த மறுபாதியையும் எழுதவேண்டும். எழுதாவிடின், எமது பிள்ளைகள் வளைகுடாவின் செல்வத்தைத் திறமை என்றும் எமது இழப்பை விதி என்றும் படிப்பார்கள்.