முக்கிளை நரம்பு வலியும் நுண்துளைச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

முகத்தின் ஒரு பாதியில் மின்னல் வெட்டினாற்போல் தோன்றிச் சில நொடிகளில் மறையும் கடும் வலி முக்கிளை நரம்பு வலி எனப்படும். மெல்லுதல், பேசுதல், பல் துலக்குதல், கன்னத்தில் இளங்காற்றுப் படுதல் ஆகியனவும் இதனைத் தூண்டும். மீஞ்சூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களில் காற்றைத் தவிர்த்துத் தொழில் செய்தல் இயலாது. எனவே இந்நோய்க்கான அறுவை மருத்துவ வரலாறு அத்தகைய உழைப்பாளர் நோக்கிலும் ஆராயத்தக்கது. காயம் சிறுத்துவந்த வரலாறும் நரம்பு காக்கப்பட்ட வரலாறும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

நோயை இனங்காணல்

1756இல் பிரான்சு நாட்டு நிக்கோலா ஆந்த்ரேயும், 1773இல் இங்கிலாந்தின் ஜான் ஃபாதர்கில்லும் இந்நோயை விளக்கினர். முகத்தின் தொடுவுணர்ச்சி ஐந்தாம் நரம்பிற்கும், முகத்தசை இயக்கம் ஏழாம் நரம்பிற்கும் உரியன என்பது 19ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் பெல் போன்றோரின் ஆய்வுகளால் தெளிவுற்றது. அதற்குமுன் ஏழாம் நரம்பை வெட்டியதால் முகம் செயலிழந்தது, வலி நீங்கவில்லை. பல்வலி எனக் கருதி நல்ல பற்களைப் பிடுங்குதல் இன்றும் நிகழ்கின்றது.

ஊசிவழிச் சிகிச்சை

1890களில் மண்டையோட்டைத் திறந்து நரம்பு முடிச்சை அணுகினர். 1910களில் ஹெர்டெல், கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி, மண்டையோட்டின் அடியிலுள்ள நீள்வட்டத் துளையை அடையும் முறையை வகுத்தார். பிற்கால முறைகள் பலவும் இவ்வழியையே பின்பற்றின. 1974இல் ஸ்வீட், வெப்சிக் ஆகியோர் கட்டுப்படுத்திய வெப்பத்தையும், 1981இல் ஹோகன்சன் கிளிசராலையும், 1983இல் முல்லன், லிக்டர் ஆகியோர் சிறு பலூனையும் பயன்படுத்தியமையை வெளியிட்டனர்.

நரம்பைக் காத்தல்

மேற்கண்டவை காயத்தைச் சிறிதாக்கினும் நரம்பின் ஒரு பகுதியைச் சிதைத்தே வலியைத் தணிப்பன. இரத்தக் குழாய் நரம்பை அழுத்துவதை 1934இல் வால்ட்டர் டாண்டி சுட்டினார். 1967 முதல் பீட்டர் ஜானெட்டா, நுண்ணோக்கியின் துணையுடன் அக்குழாயை விலக்கும் முறையை நிலைநிறுத்தினார். இதற்குக் காதின் பின்புறம் மண்டையோட்டைத் திறக்கவேண்டும். ஆயினும் நரம்பு காக்கப்படுகின்றது, பயனும் நீண்டகாலம் நிலைக்கின்றது.

சென்னைச் சூழல்

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் பி. இராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினர். இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோர், சிறு துளை வழியே கருவி செலுத்தி மூளையின் குறித்த புள்ளியை அடையும் அறுவையைச் சென்னையில் வளர்த்தனர். மீஞ்சூர் வழியாகச் செல்லும் கும்மிடிப்பூண்டி இரயில் தடம் தொடங்கும் சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரிலேயே அப்பொது மருத்துவமனை அமைந்துள்ளது.

முடிவுரை

ஊசிவழிச் சிகிச்சை பெற்றவர் விரைவில் வீடு திரும்பலாம். முதியோர்க்கும் மயக்கமருந்தின் இடர் மிக்கோர்க்கும் அது ஏற்றது. ஆயினும் முகம் மரத்தலும், சில ஆண்டுகளில் வலி மீளுதலும் நிகழக்கூடும். கருவிழி உணர்ச்சி இழப்பின், கண்ணில் விழும் மணல் புலப்படாது. உப்புக்காற்றில் வலை இழுப்பவர்க்கு இது பெருங்கேடு. எனவே சிகிச்சையைத் தெரிவு செய்கையில் காயத்தின் அளவோடு நோயாளியின் வயதும் தொழிலும் கருதப்படல் வேண்டும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.