புல்வெளித் தேநீரும் நான் சொன்ன தவறும்



சென்ற மாதம் ஆண்டு 5 வகுப்பில் ஒரு பிழை செய்தேன். சமையல் நூலொன்றில் ஆமிஷ் மக்களின் குளிர்ந்த புதினாத் தேநீரைப் பற்றிப் படித்த மாணவி ஒருத்தி, "பென்சில்வேனியா டச்சு என்றால் யார், ஐயா?" என்று கேட்டாள். "1641-இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள்தாம்" என்று சற்றும் தயங்காமல் கூறிவிட்டேன்.

வீடு திரும்பிப் படித்தபோதுதான் தவறு விளங்கியது. பழைய ஆங்கிலத்தில் 'டச்சு' என்னும் சொல் ஜெர்மன் மொழி பேசியவர்களையும் குறித்தது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் தம் பேச்சுமொழியை இன்றும் 'டெய்ட்ச்' என்றே அழைக்கின்றனர். ஆமிஷ் மக்கள் அவர்களுள் ஒரு சிறு பிரிவினர் மட்டுமே.

இவர்களுடைய வேர் சுவிட்சர்லாந்தில் உள்ளது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, வளர்ந்தபின் தானே விரும்பி ஏற்க வேண்டும் என்று 1525-இல் சூரிச் நகரில் சிலர் கிளம்பினர். நகரமன்றம் இதனைப் பொறுக்கவில்லை. 1527-இல் பீலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. அவ்வழி வந்தவர்களிடையே 1693-இல் ஒரு பிளவு ஏற்பட்டது. யாக்கோப் அம்மான் என்பவரைப் பின்பற்றியோரே ஆமிஷ் எனப்பட்டனர். வில்லியம் பென் 1681-இல் அரசரிடம் பெற்ற நிலத்தில் சமய உரிமை இருந்ததால் அங்குப் பெயர்ந்தனர். 1737-இல் 'சார்மிங் நான்சி' என்னும் கப்பலில் பல குடும்பங்கள் பிலடெல்பியா வந்திறங்கின. அக்கப்பல் புறப்பட்டது ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து. என் விடையில் இருந்த டச்சுத் தொடர்பு இவ்வளவுதான்!

புதினாவும் அமெரிக்க மண்ணுக்கு உரியதன்று. ஐரோப்பியர் கொண்டு சென்றதே. ஈரம் கண்ட இடத்தில் வேரோடிப் பரவும் செடியாதலால் ஓடைக்கரைகளிலும் புல்வெளிகளிலும் தானே படர்ந்தது. அதனால்தான் லான்காஸ்டர் வட்டாரத்தில் இதற்குப் 'புல்வெளித் தேநீர்' என்று பெயர். கோடையில் வைக்கோல் சேர்ப்போர் களைப்பு நீங்க அருந்திய பானம் இது. மின்கம்பியை வீட்டுக்குள் இழுக்காத இம்மக்களுக்குப் பனிக்கட்டி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பீர்கள். குளிர்காலத்தில் உறைந்த குளத்தை அறுத்து, பனிக்கட்டிகளை மரத்தூளில் புதைத்துக் கோடைவரை காப்பாற்றினர். எரிவாயுவால் இயங்கும் குளிர்பெட்டி பின்னர் வந்தது.

வீட்டில் செய்து பார்த்தேன். நம் சந்தையில் விற்கும் புதினா பெரும்பாலும் அதே இனந்தான். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து, 150 கிராம் சீனியைக் கரைத்து, அடுப்பை அணைத்த பிறகே இரண்டு கைப்பிடிப் புதினாவைத் தண்டோடு அமிழ்த்தி மூடினேன். இலையைக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். முதல் முறை அப்படித்தான் கெடுத்தேன். இருபது நிமிடம் கழித்து வடிகட்டி, அதே அளவு குளிர்நீர் கலந்து, பனிக்கட்டி இட்டேன். லான்காஸ்டர் இல்லத்தரசிகள் நீர் கலக்காத சாற்றை உறையவைத்துக் குளிர்காலத்துக்கும் சேமிப்பார்களாம்.

மறு திங்களன்று வகுப்பில் என் தவற்றைக் கரும்பலகையில் எழுதித் திருத்தினேன். அந்த மாணவி விடவில்லை. "தேயிலையே இல்லையே, ஐயா. பிறகு ஏன் தேநீர்?" என்றாள். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் எந்த மூலிகையை வெந்நீரில் ஊறவைத்தாலும் அப்பெயரே வழங்கும் என்றேன். தமிழில் என்ன சொல்லலாம் என்று வகுப்பையே கேட்டேன். 'குடிநீர்' என்றான் ஒருவன். சித்த மருத்துவத்தில் அச்சொல் காய்ச்சிய கஷாயத்தைக் குறிக்கும், இதுவோ ஊறல். 'புதினா ஊறல்' என்று எழுதி வைத்திருக்கிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள், வகுப்பில் சொல்கிறேன்.