பெயரேடும் திறவுகோலும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோட்டைகளையும் கப்பல்களையும் பற்றியே எழுதுவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறிய கதை யாவரும் அறிந்தது. ஆயினும் அவ்வரலாற்றில் சிந்தனைக்கு மிகுதியும் உரிய காலம், போரெதுவும் நிகழாத ஒரு காலமே எனலாம். 1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆனால் 1947ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒப்பந்தப்படி திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியர் வசமே இருந்தது. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதிதான் அது கையளிக்கப்பட்டது. நிலம் ஒருவருக்கு உரியதாயிருக்க, திறவுகோல் மற்றொருவரிடம் இருக்கக்கூடும் என்பதை இடைப்பட்ட ஒன்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் காட்டின.

கணினி புகுந்த அலுவலகங்களில் இந்நிலை வேறோர் உருவில் தோன்றியது. காலையில் எழுதுவினைஞர் ஒருவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் பதிகின்றார். அவரை உள்ளே விடுவதா என்பதை அவர் முன்னுள்ள கணினி தானாக முடிவு செய்வதில்லை. டிரெக்டரி சேர்வர் எனப்படும் பெயரேட்டு வழங்கியைக் கேட்டே முடிவு செய்கின்றது. அவர் மூதூரிலிருந்து கிண்ணியாவுக்கு மாற்றலாகிச் சென்றால், ஒரே வலையமைப்பில் இணைந்த அலுவலகங்களாயின், பெயரேட்டில் ஒரு வரியைத் திருத்துவதே போதும். அந்த வழங்கி நின்றுவிட்டால் அலுவலகமே நின்றுவிடும். கணினியும் கம்பியும் அலுவலகத்துக்குச் சொந்தமானவை. பெயரேட்டை இயக்கும் மென்பொருளோ உரிமத்தின் பேரில் பெற்றது. விண்டோஸ் வழங்கியாயின், அதனை அணுகும் ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ தனித்தனி அணுகல் உரிமமும் வாங்கவேண்டும். சிறிய அலுவலகங்களுக்கு இது இலேசான செலவன்று.

மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் 'அக்டிவ் டிரெக்டரி' 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000உடன் வெளிவந்தது. அதன் அத்திவாரக் கற்களில் முதன்மையானவை அந்நிறுவனம் செதுக்கியவை அல்ல என்பது பல்கலைக்கழகத்தார் மனங்கொள்ளத்தக்கது. ஆளை அடையாளங்காணும் 'கெர்பரோஸ்' 1980களில் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் உருவானது. பெயரேட்டை வினவும் 'எல்டாப்' 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்றது. கணினிப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் 'டிஎன்எஸ்' முறை 1983இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகமொன்றில் வகுக்கப்பட்டது. இவையெல்லாம் எவரும் படிக்கக்கூடிய பொது ஆவணங்கள். ஆனால் பயனர் எந்தெந்தக் குழுக்களைச் சேர்ந்தவர் என்பதைச் சுமந்துசெல்லும் ஒரு துண்டினை மைக்ரோசொப்ற் கெர்பரோசுடன் சேர்த்தது. அதன் விவரத்தை 2000இல் வெளியிட்டபோது, படிப்பவர் அதனை வணிக இரகசியமாகக் காக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. பொதுக்கிணற்றின்மேல் பூட்டுப்போட்ட மூடி வைத்தாற் போன்ற செயல் அது.

இப்பூட்டுக்கு மாற்றுத்திறவு தேடிய முயற்சி அதற்கு முன்னரே அவுஸ்திரேலியாவில் தொடங்கியிருந்தது. கன்பராவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்றூ ட்ரிஜெல், 1991ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும், கணினிகளுக்கிடையே கம்பியில் ஓடிய செய்திகளை ஒட்டுக்கேட்டு, கோப்புகளைப் பகிரும் வழங்கி ஒன்றைத் தாமே எழுதினார். பிற்காலத்தில் அவர் இம்முறைக்கு ஓர் உவமை கூறினார். மொழி தெரியாத நாட்டின் உணவகத்தில் ஒருவன் அமர்கின்றான். பிறர் என்ன சொன்னால் பரிசாரகர் எதைக் கொண்டுவருகின்றார் என்று பார்த்துப் பார்த்தே மொழியைக் கற்கின்றான். இம்முயற்சி பின்னர் 'சம்பா' என்று பெயர் பெற்றது. நெல்லுக்கும் இதற்கும் உறவில்லை. நெறிமுறையின் பெயரிலிருந்த மூன்று ஆங்கில எழுத்துகளும் வரிசையாக அமைந்த சொல்லை அகராதியில் தேடியபோது அகப்பட்ட பெயர் அது. சம்பாவின் மூலநிரல் திறந்தது. எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

கோப்புப் பகிர்வுக்குச் செவியே போதுமாயிருந்தது. அக்டிவ் டிரெக்டரிக்கு அது போதவில்லை. அங்கே உரையாடல்கள் பல்கின, பல மறைகுறியிடப்பட்டிருந்தன. 2003இல் வெளிவந்த சம்பாவின் மூன்றாம் பதிப்பு அப்பெயரேட்டில் உறுப்பினராகச் சேர வல்லதாயிற்று. அதன் தலைமையை ஏற்க வல்லதாகவில்லை.

முடிச்சு அவிழ்ந்ததற்கு நிரலாளர் திறமையோடு நீதிமன்றமும் வேண்டியிருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1998இல் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. 2004 மார்ச்சில் ஆணைக்குழு மைக்ரோசொப்றுக்கு ஏறத்தாழ 49 கோடியே 70 இலட்சம் யூரோ தண்டம் விதித்ததோடு, வழங்கிகள் பேசும் நெறிமுறைகளைப் போட்டியாளருக்கு வெளிப்படுத்தவும் கட்டளையிட்டது. தண்டத்தைவிட இக்கட்டளையே பெரிது. நிறுவனம் மேன்முறையீடு செய்தது. 2007 செப்ரெம்பர் 17ஆம் திகதி லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய முதல்நிலை நீதிமன்றம் முதன்மையான விடயங்களில் ஆணைக்குழுவின் முடிவை உறுதிசெய்தது. சம்பா தரப்பினரும் இவ்வழக்கில் ஆணைக்குழுவின் பக்கம் நின்றனர். அவ்வாண்டு திசெம்பரில், 10,000 யூரோவை ஒருமுறை செலுத்தி, சம்பா நிரலாளர் நெறிமுறை ஆவணங்களைப் பெற வழி பிறந்தது. ஓராயிரம் செவிகள் கேட்டும் விளங்காதவை பல அப்போதுதான் எழுத்தில் கிடைத்தன. 2012 திசெம்பரில் வெளிவந்த நான்காம் பதிப்பு அக்டிவ் டிரெக்டரியின் இடத்தில் தானே அமரக்கூடியதாயிற்று.

அவ்விடமாற்றம் நிகழும் விதம் துறைமுகக் கையளிப்பை நினைவூட்டுவது. புதிய வழங்கி முதலில் பழையதன் பக்கத்தில் இரண்டாவது காவலனாகச் சேர்கின்றது; பெயரேடு முழுவதையும் படியெடுக்கின்றது; ஐந்து தலைமைப் பொறுப்புகளும் அதற்கு மாற்றப்படுகின்றன; இறுதியில் பழைய வழங்கி பதவியிறக்கப்படுகின்றது. செவ்வனே நிகழ்ந்தால், எழுதுவினைஞர் மறுநாட் காலை அதே கடவுச்சொல்லையே பதிவார். மாற்றம் நிகழ்ந்ததை அவர் அறியவும் மாட்டார்.

குறைகள் இல்லாமலில்லை. அலுவலக விதிகள் அடங்கிய கோப்புத்தொகுதியை வழங்கிகளுக்கிடையே தானாகப் படியெடுக்கும் வசதி சம்பாவில் இல்லை. அதற்கு 'ஆர்சிங்க்' போன்ற புறக்கருவியை நிருவாகி துணைகொள்ளவேண்டும். (அக்கருவியை ஆக்கியவர்களுள்ளும் ட்ரிஜெல் ஒருவர்.) அன்றாட நிருவாகத்துக்குப் பலர் இன்னமும் விண்டோஸ் கணினியொன்றையே நாடுகின்றனர். உரிமச் செலவு குறையும் இடத்தில் பயிற்சிச் செலவு கூடுகின்றது. இதை மறைத்துப் பேசும் ஆர்வலர் தம் கட்சிக்கு நன்மை செய்பவர் அல்லர். எனினும் ஜேர்மனியின் ஷ்லெஸ்விக்–ஹோல்ஸ்ரைன் மாநிலம் 2024 ஏப்ரலில், ஏறத்தாழ 30,000 அரச கணினிகளைத் திறந்த மென்பொருளுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தபோது, அக்டிவ் டிரெக்டரிக்கு மாற்றான பெயரேட்டையும் அதில் சேர்த்துக்கொண்டது. அம்மாநிலத் தலைநகரான கீலும் ஒரு கடற்படைத் துறைமுகமே.

பெயரேட்டின் நிரல் கைவசமிருப்பதன் பயனை இலங்கை ஒரு பெருந்துயரின் நடுவே கண்டது. 2004 திசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையையும் தாக்கியது. கிண்ணியாவில் மருத்துவமனையே அழிந்தது. நாடு முழுவதும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எவர் உள்ளனர் என்று அறியப் பெயரேடு வேண்டியிருந்தது. லங்கா சொப்ற்வெயர் பவுண்டேசனின் ஒருங்கிணைப்பில் தொண்டர்களாக வந்த நிரலாளர் சில வாரங்களில் அதனை எழுதினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் 'சகன' என்பது அதன் பெயர். மூலநிரல் திறந்திருந்தமையால், 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோது அதே பெயரேடு அங்கும் பயன்பட்டது. எவரிடமும் உரிமம் கேட்கவேண்டியிருக்கவில்லை.