திருப்பூரில் ‘ஷேட்’ பார்த்த வரலாறு

1920களில் பின்னலாடைத் தொழில் தொடங்கியபோது திருப்பூருக்கு நிறம் ஒரு சிக்கலாக இல்லை. ஊர் பின்னியது வெள்ளைப் பனியன். சலவைப்பட்டறையிலிருந்து வந்த துணி நன்றாக வெளுத்திருக்கிறதா, மஞ்சள் தட்டுகிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் வேலை முடிந்தது. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கி, 1980களில் நிறத் துணிக்கான ஆர்டர்கள் வளர்ந்தன. நொய்யல் கரையில் சாயப்பட்டறைகள் பெருகின. ‘ஷேட் அடிபட்டுவிட்டது’ என்ற பேச்சு வந்தது அதன் பிறகுதான்.

நிறம் பொருந்தவில்லை என்ற இந்தத் தகராறுக்குப் பாதிக் காரணம் விளக்கு. வெவ்வேறு சாயக் கலவையில் தோய்த்த இரண்டு துண்டுகள் பகலில் ஒன்றுபோலத் தெரிந்துவிட்டு, கடையின் குழல்விளக்கில் பிரிந்து நிற்கும். மெட்டாமெரிசம் என்பது இதுதான். அதனால் லைட் பாக்ஸ் வந்தது: பகலொளிக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84, வீட்டு இழைவிளக்குக்கு ‘ஏ’, வெண்மையூட்டி சேர்ந்திருக்கிறதா என்று காட்டப் புற ஊதா. சாயப்பட்டறை ஒரே நிறத்தை இரண்டு மூன்று சாயலில் லேப் டிப் போட்டு அனுப்பும். பையர் ஒன்றைத் தேர்ந்து ஒப்புதல் தருவார். அதற்குள் கூரியரில் நாட்கள் போய்விடும். 2004 இறுதியில் ஏற்றுமதி கோட்டா முறை முடிந்து, உலகப் போட்டி திறந்துவிடப்பட்ட பிறகு, அந்த நாட்கள் மேலும் கனத்தன.

படத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் நாள் மிச்சமாகுமே என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் துணி தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரை தானே ஒளிர்கிறது. திரையை டிஎல்84 அடியில் பிடித்துப் பார்க்க முடியாது. 1996இல் முன்மொழியப்பட்ட எஸ்ஆர்ஜிபி நிற வரம்புக்குள் பளிச்சென்ற பல மயில்நீலங்கள் அடங்குவதும் இல்லை. போதாததற்கு அக்கால மடிக்கணினிகள் பலவற்றில் இருந்தது டிஎன் வகைத் திரை: மூடியைச் சற்றுச் சாய்த்தாலே ஷேட் மாறும். அத்தகைய திரைகள் பலவும் ஒவ்வொரு அடிப்படை நிறத்திலும் 64 படிகளையே காட்டின; இடைப்பட்டவை புள்ளிக் கலப்பில் ஏமாற்றப்பட்டன. அச்சு டிசைனில் மெல்ல மங்கிச் செல்லும் நிறம் பட்டை பட்டையாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

விலையுயர்ந்த தொழில்முறை மடிக்கணினிகள் இந்தக் குறையைக் குறிவைத்தே வந்தன. 1996இல் ஹிட்டாச்சி வெளிக்கொணர்ந்த ஐபிஎஸ் முறை பக்கவாட்டுப் பார்வையைச் சீராக்கியது. 2008இல் வந்த திங்பேட் டபிள்யூ700இல், மூடியை மூடினால் திரை நிறத்தை அளந்து திருத்தும் உணரி கைவைக்கும் இடத்திலேயே பதிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் திரைப் புள்ளிகளின் பழுதுக்கும் ஒரு சகிப்பு வரம்பு உண்டு. 2001ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 13406-2 தரத்தில் இரண்டாம் வகுப்புத் திரை, பத்து லட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் எரியும் புள்ளி 2, எப்போதும் இருண்ட புள்ளி 2 வரை வைத்துக்கொள்ள முடிந்தது. ஆயத்த ஆடையில் ஒரு பொத்தலுக்கே பீஸைக் கழிக்கும் செக்கிங் டேபிளுக்கு இது விசித்திரமான கணக்காகத் தோன்றும். துணி ரோலுக்கும் குறைகளை எண்ணும் நான்கு புள்ளி முறையில் மன்னிப்பு உண்டு என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை.

கடைசியில் தொலைவைக் குறைத்தது படமல்ல, எண். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் துணியின் பிரதிபலிப்பை அலைநீள வாரியாக அளக்கிறது; மூலத்துக்கும் சாயமிட்ட துணிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிஎம்சி சமன்பாடு ஒற்றை எண்ணாக்குகிறது. அது பொதுவாக 1க்குள் இருந்தால் லாட் தேறும். அந்த எண்ணைப் படிக்க எந்தத் திரையும் போதும். அச்சின் அளவு, இடம், ரிப்பீட் ஆகியவற்றைச் சரிபார்க்கவும் திரை தாராளமாகப் போதும்.

நியான் நிறங்களில் மட்டும் எண்ணும் தடுமாறும். வாங்கிய ஒளியை வேறு நிறமாக உமிழும் சாயம் அது; கருவிக்குக் கருவி அளவு மாறுகிறது. அதற்கு இன்னமும் துணித்துண்டும் கூரியர் உறையும்தான்.