நாஞ்சினாட்டுச் சந்தையும் ஆடையுரிமையும்

வாணிக அறம் கூறும் பண்டைநூல்கள் பெரும்பாலும் அளவையையும் விலையையுமே எடுத்தோதும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் பட்டினப்பாலை பாராட்டுவதும் அம்முறை பற்றியே. ஆயினும், துலாக்கோல் கோடாத சந்தையிலும் அறங் கோடுதல் கூடும் என்பதற்கு நாஞ்சினாட்டு வரலாறு சான்றாகும்.

கோட்டாறு தொன்மையான வணிகப் பேரூர். கி. பி. இரண்டாம் நூற்றாண்டினரான தாலமி குறித்த ‘கோட்டியாரா’ இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். சோழர் கல்வெட்டுகள் இதனை மும்முடிச்சோழநல்லூர் என வழங்கும். நெல்லும் உப்பும் கருப்புக்கட்டியும் கைத்தறித் துணியும் இங்கே கைம்மாறின. அத்துணியை விலைகொடுத்து வாங்கிய நாடார் குலத்து மகளிரோ, அதனைத் தோளின்மேல் இடுதற்கு உரிமையிலராயினர். விற்பார்க்கு விருப்பமுண்டு, வாங்குவார்க்குப் பொருளுண்டு, இடைநின்று தடுத்தது குலவழக்கு. பணத்தால் அதனைக் கடத்தல் இயலவில்லை.

1829-இல் திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதிபாயின் ஆட்சியில் வெளிவந்த விளம்பரம் மேலாடையை விலக்கிக் கிறித்துவ மகளிர்க்குக் குப்பாயம் மட்டும் இசைந்தது. 1858-இன் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும், சந்தைக்கு வந்த பெண்டிரின் மேலாடைகள் கடைத்தெருவிலேயே கிழித்தெறியப்பட்டன. வருவோரை மானத்தோடு நிற்கவிடாத சந்தை யார்க்குப் பொது?

சென்னை ஆளுநர் திரெவெலியன் கண்டித்தெழுதியபின், 1859 சூலை 26-இல் அரசர் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மர் வேறொரு விளம்பரம் வெளியிட்டார். தோளை மறைக்கலாம், முரட்டுத் துணியும் உடுத்தலாம். மேற்குலத்து மகளிர்போல் அணிதல் ஆகாது என்பது அதன் கருத்து. அரைநீதி எனினும் மிகையாகாது. நெசவுக்குப் பேர்போன கோட்டாற்றின் அருகே வாழ்வார்க்கு இன்னவாறுதான் உடுக்கவேண்டுமென அரசே வரையறுத்தது.

இதற்கு முன்னரே சாமிதோப்பில் வைகுண்டர் (1809–1851) முத்திரிக்கிணற்றில் எல்லாக் குலத்தாரும் ஒருங்கே நீர் முகக்கவும், ஒரு பந்தியில் உண்ணவும் செய்தார். விலைக்கு விற்கப்படாத நீரிலே அவர் தொடங்கியது கருதத்தக்கது.

சந்தையிற் கிடைத்த இசைவு திருவீதியை எட்டவில்லை. கோட்டாற்றுக்கு அண்மையிலுள்ள சுசீந்திரத்தில், தாணுமாலயன் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் யாவரும் நடத்தற்பொருட்டு 1926-இல் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. மருத்துவர் எம்பெருமாள் நாயுடு அதனை முன்னின்று நடத்தினார். 1936 நவம்பர் 12-இல் சித்திரைத் திருநாள் அரசர் ஆலயப்பிரவேச விளம்பரம் பிறப்பித்தார். 1859-இல் தோள்மறைக்க இசைவு பெற்ற குடியினர் சிவாலய வாயிலைக் கடக்க, அதன்மேலும் 77 ஆண்டுகள் கழிந்தன.