பொருள் கொடுத்தவரும் புகழ் கேட்டவரும்

நாராயணவனம் என்றதும் திருக்கல்யாணம் நினைவுக்கு வரும். புத்தூருக்கு அருகிலுள்ள இவ்வூரில்தான் ஆகாசராசன் மகள் பத்மாவதியைச் சீனிவாசன் மணம் புரிந்தான் என்பது வழிவழியாக வரும் கதை. அத்திருமணச் செலவுக்குக் குபேரன் கடன் கொடுத்தான் என்பர். ஆயினும், பந்தலை இப்படி அமைக்க வேண்டும், விருந்தை இவ்வளவில் நிறுத்த வேண்டும் என்று குபேரன் ஆணையிட்டதாக எவரும் சொல்வதில்லை. அவனுக்கு உரியது வட்டி. கல்யாணம் கல்யாண வீட்டாருக்கே உரியது.

இக்காலத்து விளையாட்டுக் கழகங்களில் கணக்கு இவ்வளவு எளிதன்று. அங்கே பொருள் தருபவர் பங்கு பெறுகிறார். பங்கு பெற்றவர் உரிமையாளராகிறார். எனின், வெற்றி வேண்டும் என்று அவரை வற்புறுத்தும் உரிமை யாருக்கு உண்டு? கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் வரலாறு முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

அக்கழகம் பிறந்ததே ஒரு வற்புறுத்தலால்தான். 1920 ஜூலை 28 அன்று கூச் பிகார் கோப்பைப் பந்தயத்தில் ஜோராபாகான் அணி மோகன் பாகானைச் சந்தித்தது. சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரர் அணியிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். ஜோராபாகானின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி அவரைச் சேர்க்குமாறு எவ்வளவோ கேட்டும் பயனில்லை. அவர் வெளியேறினார், நண்பர் சிலருடன் கூடி, ஆகஸ்டு 1 அன்று புதுக்கழகம் கண்டார்.

அதன் பொற்காலத்தில் தென்னாட்டாருக்குப் பெரும் பங்கு உண்டு. வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமத் கான், சாலே ஆகிய ஐவரையும் வங்க மக்கள் பஞ்ச பாண்டவர் என்றே அழைத்தனர். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஐ.எப்.ஏ. கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கே கிட்டியது. அப்போது கழகத்தை நடத்தியவரே ஆட்டக்காரரையும் தேடினார். பணமும் ஆசையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

பின்னர்க் காலம் மாறியது. 1998 முதல் இருபது ஆண்டுகள் மதுபான நிறுவனம் ஒன்று துணை நின்றது. அக்காலத்தில் மூன்று தேசிய லீக் பட்டங்களும், 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கோப்பையும் கிடைத்தன. 2018இல் பெங்களூரின் குவெஸ் நிறுவனம் 70 விழுக்காடு பங்குடன் வந்தது. முதற்பருவத்தில் அணி 42 புள்ளிகள் பெற்று, ஒரே புள்ளி வேறுபாட்டில் ஐ-லீக் பட்டத்தை இழந்தது. வென்றது, கோயம்புத்தூரில் ஆடிவந்த சென்னை சிட்டி அணி என்பது நமக்கு இனிய செய்தி. அதே 2019இல் சூப்பர் கோப்பையில் ஆடுவதில்லை என்று முதலீட்டாளர் முடிவு செய்தபோது, ஆடியே தீரவேண்டும் என்று கழக நிர்வாகிகள் வாதாடினர். அணி களமிறங்கவில்லை. 2020இல் உறவே முறிந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில், மேற்கு வங்க முதலமைச்சரின் முயற்சியால் ஸ்ரீ சிமென்ட் நிறுவனம் வந்தது. அணி இந்தியன் சூப்பர் லீக்கில் இடம் பெற்றது. ஆனால் இறுதி ஒப்பந்தம் முன்னர்ப் பேசியதினின்றும் வேறுபட்டது என்று கூறி, நிர்வாகிகள் கையெழுத்திட மறுத்தனர். உறுப்பினர் உரிமை பறிபோகும் என்ற அவர்களது அச்சத்தைப் பொருளற்றது என்று தள்ளிவிட இயலாது. எனினும் வாதம் நீள, ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் காலம் கழிந்தது. 2021 ஜூலையில் ரசிகர்கள் தெருவில் இறங்கித் தடியடிபட்டனர். அவசரத்தில் திரட்டிய அணி, 2021-22 பருவத்தில் 20 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்று, 11 அணிகளுள் கடைசியாக நின்றது.

2022இல் இமாமி நிறுவனம் பொறுப்பேற்றது. முதற்பருவத்தில் ஒன்பதாம் இடமே கிட்டியது. வலுவான அணி வேண்டும் என்ற குரல் மீண்டும் எழுந்தது. இம்முறை வாதம் பத்திரத்தைப் பற்றியதன்று. பயிற்சியாளரையும் ஆட்டக்காரரையும் பற்றியது. 2023இல் ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் கார்லஸ் குவாத்ராத் வந்தார். 2024 ஜனவரி 28 அன்று புவனேசுவரத்தில் ஒடிசா அணியை 3-2 என்று வென்று, சூப்பர் கோப்பையைக் கழகம் கைக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த தேசியக் கோப்பை அது.

கழக நிர்வாகியை வங்காளியர் கர்மகர்த்தா என்பர். நம் ஊர்க் கோயில் நிர்வாகியோ தர்மகர்த்தா. இருவரும் சொந்தமல்லாத ஒன்றைக் காத்து நிற்பவர்களே. அவ்வாறு நிற்பவர் செல்வரை அணுகி, இன்னும் நன்றாகச் செய்யுங்கள் என்று கேட்பது கடமை. நூறாண்டுகளுக்கு முன் சுரேஷ் சந்திர சௌத்ரி கேட்டதும் ஓர் ஆட்டக்காரருக்காகவே. தம் நாற்காலிக்காக அன்று. கேட்பது அணிக்காக இருக்கும்போது கோப்பை வருகிறது. அதிகாரத்துக்காக என்று ஆகும்போது ஆட்டமே தடுமாறுகிறது.

பிற மாநிலங்களில் தமிழ்ச் சங்கமும் சபையும் நடத்தும் நம்மவரும் நன்கொடையாளரை நாளும் அணுகுகிறோம். அவர்களிடம் நாம் கேட்பது எதற்காக என்பதை முதலில் நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.